கல்யாணத்துக்கு ஓலைப்பெட்டி, ஊர்ல இருந்து நேரடியா ஆர்டர் பண்றது எப்படி? (முழு வழிகாட்டி)

தாம்பூலப் பைக்கு பதிலா பனை ஓலைப்பெட்டி குடுக்கணும்னு இப்ப நெறைய பேர் ஆசைப்படுறாங்க. ஆசைப்பட்டு யாரோ குடுத்த நம்பருக்கு போன் பண்ணி "அக்கா 300 பெட்டி வேணும், எவ்ளோ, எப்ப கிடைக்கும்"னு கேட்டு, கடைசில கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி 180 பெட்டி மட்டும் வந்து சேந்து, ரெண்டு பக்கமும் மனஸ்தாபமாகி போன கதைய நான் அடிக்கடி பாக்குறேன். எங்க திருச்செந்தூர் பக்கத்துல பெட்டி முடையுற அக்காமாருக்கும் வெளியூர்ல இருந்து வாங்குறவங்களுக்கும் நடுவுல நின்னு ஆர்டர் முடிச்சுக் குடுத்துட்டு இருக்கேன், அதுல கத்துக்கிட்டத வரிசையா எழுதுறேன். இந்த வரிசை ரொம்ப முக்கியம், ஒண்ண தாண்டி அடுத்ததுக்கு போனீங்கன்னா அங்கதான் சிக்கும்.

1. போன் பண்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

பெட்டிக்குள்ள என்ன வைக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. பெட்டி சைஸ், கனம், மூடி வேணுமா வேணாமா எல்லாமே அதுலதான் இருக்கு. வெத்தலை பாக்கு மஞ்சள் குங்குமம் மட்டும்னா சின்ன கொட்டான் (குட்டி ஓலைக்கூடை) போதும். முழுத்தேங்காய் வைக்கணும்னா அது வேற பெட்டி, அடிப்பாகம் ரெட்டை ஓலையா முடையணும். லட்டு, முறுக்கு மாதிரி எண்ணெய் பலகாரம்னா உள்ள வாழை இலையோ பட்டர் பேப்பரோ போடணும், இல்லன்னா ஓலை எண்ணெய குடிச்சு கறை விழுந்துரும்.

அளவு சொல்றப்ப எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. "5 இஞ்ச் பெட்டி"ன்னு சொல்லிருவாங்க. அது வெளி அளவா உள் அளவா, வாய்ல அளந்ததா அடியில அளந்ததான்னு சொல்ல மாட்டாங்க. நான் முதல் ஆர்டர்ல இதையேதான் பண்ணேன். அழகா 5 இஞ்ச்ல பெட்டி வந்துச்சு, தேங்காய உள்ள வச்சா வாய்ல மாட்டிக்கிட்டு இறங்கவே இல்ல. முடைஞ்ச அக்கா பாத்துட்டு "தம்பி, தேங்கா போடணும்னு மொதல்லயே சொல்லிருந்தா வாய அகலமா வச்சிருப்பேன்லா"ன்னாங்க. அவங்க சாண், விரல் கணக்குல அளக்குறவங்க. அதனால அளவ இஞ்ச்ல சொல்றத விட நீங்க வைக்கப் போற பொருளையே ஒரு செட் அனுப்பி வச்சுருங்க, தேங்காய்னா தேங்காய், டப்பான்னா டப்பா. அத சுத்தி முடைஞ்சுருவாங்க, தப்பு வரவே வராது.

எண்ணிக்கையில பத்து சதவீதம் சேத்தே சொல்லுங்க. 300 வேணும்னா 330. கடைசி வாரத்துல "இன்னும் 30 மட்டும்"னு கேட்டா அதே ஓலை அதே சாயம் கிடைக்காது, கலர் மாறிரும்.

2. மாசத்த பாத்து ஆர்டர் குடுங்க

வெளியூர்க்காரங்களுக்கு தெரியாத விஷயம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஓலை வெட்டுன அன்னைக்கே பெட்டி ஆகாது. குருத்தோலைய பனையேறி வெட்டிக் குடுக்கணும், வெயில்ல காய வைக்கணும், ஈர்க்க (ஓலை நடுவுல இருக்குற குச்சி) எடுத்துட்டு ஒரே அகலத்துல கீத்து கீத்தா வாரணும், கலர் வேணும்னா கொதிக்கிற தண்ணில சாயம் போட்டு அலசி நிழல்ல உலத்தணும், அதுக்கு அப்புறம்தான் லேசா தண்ணி தெளிச்சு பதமாக்கி முடையுறது. இதுல பாதி வேலை வெயில நம்பி இருக்கு.

இப்ப உங்க கல்யாணம் தை மாசம்னு வைங்க. மார்கழில கேட்டா மொத்த மழையும் அப்பதான் பெஞ்சு முடிஞ்சிருக்கும். ஐப்பசி கார்த்திகைல இங்க வடகிழக்கு மழை, மரம் வழுக்கும், ஏற முடியாது, ஏறி வெட்டுனாலும் ஓலை காயாது, காயாத ஓலைல முடைஞ்சா பூஞ்சை புடிக்கும். அதனால தை கல்யாணத்துக்கு ஆவணிலயே ஆர்டர் குடுத்துருங்க. புரட்டாசி வெயில்ல ஓலைய காய வச்சு எடுத்து வச்சுட்டாங்கன்னா மழை பெய்யுறப்ப வீட்டுக்குள்ள உக்காந்து முடைவாங்க. சொல்லப்போனா மழைக்காலம் முடையுறதுக்கு நல்ல காலம், ஓலை விறைக்காம பதமா இருக்கும்.

வைகாசி, ஆவணி முகூர்த்தம்னா வேற பிரச்சனை. மாசி பங்குனில இருந்து ஆடி வரைக்கும் பதநீர் சீசன். பனையேறி வீட்டுப் பொம்பளைங்க காலைல இருந்து பதநீர் காய்ச்சி கருப்பட்டி ஊத்துற வேலைல இருப்பாங்க, பெட்டி முடைய கை கிடைக்காது. அந்த மாசங்கள்ல வேணும்னா தை மாசமே சொல்லி வச்சுருங்க.

நாள் கணக்கு போடுறதும் சுலபம்தான். ஒரு பெட்டிக்கு ஒண்ணரை மணி நேரம்னு வச்சுக்கோங்க, 300 பெட்டிக்கு 450 மணி நேரம். ஆறு பேர் முடையுறாங்க, வீட்டு வேலை, நூறு நாள் வேலை எல்லாம் போக ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்னா மொத்தம் 24 மணி நேரம், கிட்டத்தட்ட 19 நாள். இது சுத்தமா முடையுற நாள் மட்டும். ஓலை தயார் பண்ண பத்து நாள், நடுவுல கோயில் கொடை (ஊர்த் திருவிழா) வரும், யார் வீட்லயாவது துஷ்டி (சாவு) வரும், புள்ளைக்கு காய்ச்சல் வரும். நான் எப்பவும் ரெண்டால பெருக்கி மேல ஒரு வாரம் போட்டுத்தான் தேதி சொல்வேன். 19 நாள் கணக்கு வந்தா 45 நாள். அவங்க கூச்சத்துல "ஒரு மாசத்துல முடிச்சுரலாம்"னு சொன்னாலும் நீங்க 45 நாள் குடுங்க.

3. முடையுறவங்கள கண்டுபிடிக்கிறது

தூத்துக்குடி மாவட்டத்துல மணப்பாடு, அந்த கடற்கரை ஓரத்து தேரிக்காட்டு (செம்மணல் காடு) ஊருங்க, ராமநாதபுரம் மாவட்டத்துல சாயல்குடி பக்கம், வடக்க பழவேற்காடு, இங்கெல்லாம் ஓலை வேலை இருக்கு. செட்டிநாட்டு கொட்டான்னா காரைக்குடி பக்கம், அதுக்கு புவிசார் குறியீடே இருக்கு. உங்க ஊருக்கு எது பக்கமோ அங்க போங்க, லாரி வாடகை மிச்சம்.

ஆள் தெரியலன்னா மாவட்ட கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற மகளிர் திட்டம் அலுவலகத்துல கேளுங்க, ஓலை வேலை பண்ற சுய உதவிக்குழு எந்த ஊர்ல இருக்குன்னு அவங்ககிட்ட விவரம் இருக்கும். மதி அங்காடி, பூம்புகார் கடைல பொருள பாத்துட்டு எந்த ஊர் வேலைன்னும் விசாரிக்கலாம்.

ஒரு தடவையாவது நேர்ல போய்ட்டு வாங்க, முடிஞ்சா காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. அப்பதான் ஓலை வளையுற பதத்துல இருக்கும், எல்லாரும் திண்ணைல உக்காந்து முடைஞ்சுட்டு இருப்பாங்க. உண்மையில எத்தன பேர் முடையுறாங்க, யாருக்கு எந்த வேலை நல்லா வரும்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சுரும். போன்ல பேசுறவங்க வியாபாரியா முடையுறவங்களான்னும் தெரிஞ்சுரும். வியாபாரிகிட்ட வாங்குறது தப்புன்னு சொல்லல, ஆனா காசு முடையுறவங்க கைக்கு போய்ச் சேரணும்னுதான நீங்க இவ்ளோ தூரம் மெனக்கெடுறீங்க.

4. சாம்பிள், காசு குடுத்து

ரெண்டு மூணு சாம்பிள் கேளுங்க, கேட்ட அன்னைக்கே அதுக்கு காசும் அனுப்பிருங்க, பெட்டி விலைய விட கொஞ்சம் கூடவே. புது மாடல் முடையுறப்ப ரெண்டு தடவ பிரிச்சு பிரிச்சுத்தான் அளவு வரும், அந்த நேரத்துக்கு கூலி வேணாமா? "பெரிய ஆர்டர் வரும்ல, சாம்பிள் ஃப்ரீயா குடுங்க"ன்னு கேக்குறவங்கள்ல பாதி பேர் அப்புறம் ஆர்டரே குடுக்குறதில்ல, அதனாலதான் சில பேர் சாம்பிள்னு சொன்னாலே ஒதுங்குறாங்க.

சாம்பிள் வந்ததும் கைல வச்சு அழகு பாத்துட்டு ஓகே சொல்லிராதீங்க, மூணு சோதனை பண்ணுங்க.

முதல்ல, வைக்கப் போற பொருள் மொத்தமும் உள்ள போட்டு பிடிய புடிச்சு தூக்கி நல்லா ஆட்டிப் பாருங்க. பிடி பிய்யும்னா விளிம்புலதான் பிய்யும்.

அடுத்து, கலர் பெட்டின்னா வெள்ளத்துணிய நனைச்சு கலர் ஓலை மேல அழுத்தித் தேய்ங்க. சாயம் ஒட்டுச்சுன்னா சரியா அலசலன்னு அர்த்தம். மண்டபத்துல வேர்த்த கையோட பெட்டிய மடியில வச்சுக்கிட்டு உக்காருவாங்க, சந்தனக் கலர் பட்டுப்புடவைல ரோஸ் சாயம் எறங்குனத நான் கண்ணால பாத்துருக்கேன், அன்னைக்கு அந்த அம்மா முகத்த பாக்க முடியல. இப்பல்லாம் நான் சொல்றது வெள்ளை ஓலைல வாய் ஓரத்துல மட்டும் ஒரு வரி கலர். பாக்கவும் லட்சணமா இருக்கும், சாய வேலையும் கம்மி.

மூணாவது, பெட்டிய ஒரு வாரம் அப்படியே வீட்ல வச்சு பாருங்க. ஈர ஓலைல முடைஞ்சதுன்னா காயக் காய சுருங்கி இடைவெளி விழும், வாய் கோணும்.

5. விலை பேசுறது

அவங்க ஒரு விலை சொல்வாங்க. அத கொறைக்கிறதுக்கு முன்னாடி இந்த கணக்க போட்டு பாருங்க. நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டுல 2025-26க்கு அறிவிச்ச கூலி நாளைக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு பிரிச்சா மணிக்கு 42. ஒண்ணரை மணி நேரம் முடையுற பெட்டிக்கு கூலி மட்டும் 63 ரூபாய். ஓலை, சாயம், பனையேறிக்கு குடுக்குறது எல்லாம் சேத்து பெட்டிக்கு ஒரு 12 ரூபாய்னு வச்சா 75. இத்தன வருஷ கைப்பழக்கம் இருக்குற ஒருத்தருக்கு நூறு நாள் வேலை கூலியே குடுத்தாக்கூட 75 ஆகுது. நீங்க "40க்கு முடிச்சுரலாமே"ன்னு பேசுனா அவங்க முடையாம இருக்குறதுதான் லாபம். பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க ஏன் இந்த வேலைய கத்துக்க மாட்டேங்குறாங்கன்னு கேட்டா பதில் இந்த கணக்குல இருக்கு.

பல நேரம் அவங்களே கொறைவா சொல்வாங்க. வியாபாரி குடுத்த விலைய வச்சே சொல்லிப் பழகிட்டாங்க. அப்ப பக்கத்துல உக்காந்து, ஒரு பெட்டி முடைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு செல்போன்ல டைமர் போட்டு சேந்தே பாத்துட்டு விலைய முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, ஆறு பேர் வேலைய ஒருத்தர் ஒருங்கிணைக்கிறாங்கன்னா, போன் பேசுறது, ஓலை பங்கு பிரிக்கிறது, எண்ணிக்கை பாக்குறது, கட்டி ஏத்தி விடுறது எல்லாம் அவங்கதான். அந்த வேலைக்குன்னு தனியா ஒரு தொகை வெளிப்படையா பேசிருங்க, எல்லார் முன்னாடியும். பேசலன்னா அத அவங்க முடையுறவங்க கூலில இருந்து எடுக்க வேண்டி வரும், அங்க சண்டை ஆரம்பிக்கும், உங்க ஆர்டர் நிக்கும்.

பட்ஜெட் இடிக்குதுன்னா விலைய கொறைக்காதீங்க, வேலைய கொறைங்க. மூடி வேணாம்னு சொல்லலாம், கலர் வேணாம்னு சொல்லலாம், பூ வேலை வேணாம்னு சொல்லலாம். ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ நேரம் மிச்சமாகுதுன்னு அவங்களே சொல்வாங்க.

6. அட்வான்ஸும் எழுத்தும்

பாதிப்பணம் முன்னாடியே குடுங்க. பனையேறிக்கு கையில காசு வச்சாத்தான் ஓலை இறங்கும், சாயம் கடைல கடன் குடுக்க மாட்டாங்க. அட்வான்ஸ் வரலன்னா அவங்க வட்டிக்கு வாங்கி உங்களுக்கு வேலை பாக்கணும், இல்லன்னா முன்பணம் குடுக்குற வியாபாரி வேலைய முதல்ல முடிச்சுட்டு உங்களுக்கு கடைசியா வருவாங்க. மீதில ஒரு பங்கு பாதி பெட்டி ரெடியான அன்னைக்கு, கடைசி பங்கு லாரில ஏத்துன அன்னைக்கு. "கல்யாணம் முடிஞ்சதும் மொய் எண்ணிட்டு தர்றேன்"னு சொல்ற ஆளா இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு ஆர்டரே குடுக்காதீங்க.

சுய உதவிக்குழுன்னா குழு அக்கவுண்ட்ல போடுங்க. தனி ஆள்னா அவங்க பேர்ல இருக்குற அக்கவுண்ட்டான்னு கேட்டுட்டு போடுங்க. ஜிபே நம்பர் நெறைய வீட்ல மகன் பேர்லயோ வீட்டுக்காரர் பேர்லயோ இருக்கும், அதுல போனா அந்த அம்மா கைக்கு எவ்ளோ வரும்னு நம்மளால சொல்ல முடியாது.

பேசுனத எழுதி வைங்க. ஒரு தாள்ல எண்ணிக்கை, உள்ள வைக்கிற பொருள், கலர், விலை, அட்வான்ஸ், தேதி, எது கழிவு (வேணாம்னு ஒதுக்குற பெட்டி) எது கழிவில்லன்னு எழுதி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க. அதையே ஒரு வாய்ஸ் மெசேஜாவும் சொல்லி அனுப்புங்க, படிக்க சிரமப்படுறவங்க அத திரும்பத் திரும்ப கேட்டு சரி பாத்துக்குவாங்க. கழிவு பத்தி முன்னாடியே பேசுறது ரொம்ப முக்கியம். பெட்டிக்குப் பெட்டி லேசா நிறம் மாறும், விரல் அகலம் முன்னப்பின்ன இருக்கும், அது கை வேலை, கழிக்கக் கூடாது. பிடி விட்டுப்போனது, அடி ஓட்டை, பூஞ்சை புடிச்சது, இது மூணும் கழிவு.

7. நடுவுல ஒரு தடவ பாத்துருங்க

முதல் 20 பெட்டி முடிஞ்சதும் போட்டோ கேளுங்க, வரிசையா அடுக்கி வச்சு எடுத்தது. தப்பு இருந்தா 20ல நிக்கும். 300ம் முடிஞ்ச பிறகு "சாம்பிள் மாதிரி இல்லையே"ன்னா யாரும் என்ன பண்ண முடியும்? சாம்பிள்ல ஒண்ண அவங்ககிட்டயே விட்டு வைங்க, ஆறு பேரும் அத பாத்துத்தான் முடையணும்.

தினம் போன் போட்டு "எத்தன ஆச்சு"ன்னு கேக்காதீங்க. வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

8. பேக்கிங், லாரி

இங்கதான் பணம் வீணாகும், கவனமா படிங்க.

கூரியர்ல எடைய மட்டும் பாக்க மாட்டாங்க, இடத்தையும் பாப்பாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுத்தா வர்றதுதான் அவங்க போடுற எடை, அது நிஜ எடைய விட கூடுதலா இருந்தா அதுக்குத்தான் பில். 60க்கு 45க்கு 45 அட்டப்பெட்டின்னா 24 கிலோவுக்கு மேல வரும், தராசுல வச்சா 6 கிலோ கூட இருக்காது. ஓலைப்பெட்டில பாதி காத்துதான, காத்துக்கு காசு குடுக்குற மாதிரி ஆயிரும். அதனால மொத்த ஆர்டர கூரியர்ல போடாதீங்க. லாரி பார்சல் சர்வீஸ், இல்லன்னா ஆம்னி பஸ் பார்சல் விசாரிங்க. சாம்பிள செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில்ல வர்ற சொந்தக்காரங்க கையில குடுத்து விட்டாலே போதும்.

இடத்த கொறைக்க இன்னொரு வழி, வாய் கொஞ்சம் விரிஞ்ச மாதிரி முடையச் சொல்றது. அப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி அடுக்கலாம், பிடி மட்டும் உள் பக்கமா மடியுற மாதிரி இருக்கணும். மூடிய தனியா அடுக்கணும். இத அளவு சொல்ற அன்னைக்கே சொல்லணும், முடைஞ்ச பிறகு சொல்லி பிரயோஜனம் இல்ல.

கட்டுறதுக்கு முன்னாடி வெயில்ல ஒரு மணி நேரம் பெட்டிய காய வைக்கச் சொல்லுங்க, சூடு ஆறுனதும் நியூஸ்பேப்பர் சுத்தி அட்டப்பெட்டில வைங்க. பாலிதீன் கவர் போட்டு இறுக்கிக் கட்டவே கூடாது. ஒரு கார்த்திகைல மழைக்கு பயந்து பாலிதீன் போட்டு அனுப்பிட்டோம், மூணு நாள் கழிச்சு தொறந்தா மேல் வரிசை பூரா வெள்ளையா பொடி பூத்துருந்துச்சு. ஒவ்வொண்ணா காஞ்ச துணியால துடைச்சு மொட்டை மாடில காய வச்சு, விடிய விடிய வேலை பாத்தோம். மழைக்குத் தார்ப்பாய் வெளில சுத்துங்க, உள்ள காத்து போகணும்.

கல்யாணத்துக்கு பத்து நாள் முன்னாடி வந்து சேர்ற மாதிரி லாரி ஏத்துங்க. வந்த அன்னைக்கே எண்ணி, கழிவ போட்டோ எடுத்து சொல்லிருங்க.

9. பில்லு, பேரு, அடுத்த ஆர்டர்

கம்பெனி தீபாவளி கிஃப்ட்டுக்கு வாங்குறீங்கன்னா உங்க அக்கவுண்ட்ஸ் ஆளு ஜிஎஸ்டி பில் கேப்பாரு, ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட பேசிருங்க. தமிழ்நாட்டுக்குள்ள பொருள் விக்கிற சின்ன வியாபாரத்துக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்ல, குழுகிட்ட இருந்து சாதா பில்தான் வரும். வேலை முடிஞ்ச பிறகு "ஜிஎஸ்டி நம்பர் இல்லாம பேமெண்ட் ரிலீஸ் ஆகாது"ன்னு ஒரு கம்பெனில சொல்லி ரெண்டு மாசம் இழுத்தாங்க, அந்த ரெண்டு மாசமும் பனையேறிக்கு பதில் சொன்னது ஆர்டர் எடுத்த அக்காதான்.

பெட்டில ஒரு சின்ன அட்டைல ஊர் பேர் போடுங்க. முடைஞ்சவங்க பேரோ போட்டோவோ நம்பரோ போடணும்னா அவங்ககிட்ட கேட்டுட்டு போடுங்க, எல்லாரும் சம்மதிக்க மாட்டாங்க. குழுவுக்குன்னு ஒரு நம்பர் இருந்தா அத போடுறது நல்லது.

கல்யாணம் முடிஞ்சதும் மண்டபத்துல பெட்டி அடுக்கி வச்ச போட்டோவ அவங்களுக்கு அனுப்புங்க. தன் கையால முடைஞ்சது எங்க போச்சுன்னு அவங்க பாத்ததே இல்ல. போன தடவ அனுப்புன போட்டோவ ஒரு அக்கா போன்ல பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்து "அந்தா, அந்த ஓரத்துல இருக்கது என் பெட்டிலா, விளிம்பு நான் கட்டுனது"ன்னு கண்டுபிடிச்சுட்டாங்க.

10. ஒரு ஆர்டரோட நிக்காம கூட இருக்கணும்னு நெனைச்சா

அடுத்து நீங்க செய்யக்கூடியது பேப்பர் வேலைல உதவுறது. உத்யம் பதிவு (சின்னத் தொழிலுக்கான மத்திய அரசு பதிவு) ஆதாரும் பான் கார்டும் இருந்தா ஆன்லைன்ல இலவசம், காசு கேக்குற வெப்சைட் எல்லாம் இடைத்தரகர், உள்ள போகாதீங்க. மத்திய அரசோட கைவினைஞர் அடையாள அட்டை வாங்கி வச்சா கண்காட்சில ஸ்டால் கேக்கும்போது உதவும். தமிழ்நாடு அரசு 2025ல ஆரம்பிச்ச கலைஞர் கைவினைத் திட்டத்துல 35 வயசு தாண்டுனவங்களுக்கு 3 லட்சம் வரைக்கும் கடன், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். விண்ணப்பம் மாவட்ட தொழில் மையம் வழியா.

ஆனா கடன்ன உடனே போய் கையெழுத்து போட வைக்காதீங்க. முதல்ல வருஷத்துக்கு மூணு நாலு ஆர்டர் நிச்சயமா வருதான்னு பாருங்க, வேலை கொறைவா இருக்குற மாசத்துக்கு நீங்களே ஒரு சின்ன ஆர்டர் புடிச்சுக் குடுங்க, கொலு பெட்டி, பொங்கலுக்கு கருப்பட்டி வைக்கிற பெட்டின்னு. அந்த வருமானத்துல இருந்து மாசத் தவணை கட்ட முடியும்னு அவங்களே நோட்டுல கணக்கு போட்டு காமிச்சா, அப்ப கூட்டிட்டு போங்க.